முதலில் மின்னாவுக்கு

புதன், இஷா தொழுத பிறகு.

மதியம் மொட்டை மாடியில் சுல்தான் மின்னாவின் பிடரியைக் கவ்விக்கொண்டு நின்றான். ஒரே ஈற்றில் பிறந்த பூனைகள். நேற்றுவரை ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்கியவர்கள். துடைப்பத்தோடு ஓடிப்போய்ப் பிரித்தேன்.

மாமியார் நம்பவே இல்லை. "கூடப்பொறந்ததுகம்மா, அப்படியெல்லாம் செய்யாதுக. பெருநாள் கழியட்டும், பாத்துக்கலாம்" என்றார். பெருநாள்வரை பொறுத்தால் வீட்டில் குட்டிகளும் சேர்ந்து நிற்கும்.

ராமநாதபுரம் கால்நடை டாக்டரிடம் போனில் கேட்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கருத்தடை ஆபரேஷன் செய்யக் கையில் பணமில்லை. துபாயிலிருந்து என் வீட்டுக்காரர் அனுப்ப அடுத்த மாதமாகும். ஆணுக்குச் செலவு குறைவுதான். ஆனால் சுல்தானுக்கு மட்டும் செய்துவிட்டால் தெருவில் திரியும் கடுவன் பூனைகளை யார் தடுப்பது? மின்னாவுக்குத்தான் முதலில். நாளைக்கே, முதல் பஸ்ஸில், கூடையோடு. சுல்தான் அடுத்த மாதம்.

ராத்திரி அவளுக்குச் சாப்பாடு கூடாதாம். இருவரும் ஒரே தட்டில் தின்பவர்கள். அவனுக்கு வைத்தால் அவள் விடமாட்டாள். அதனால் இரண்டு பேரும் பட்டினி. கதவுக்கு வெளியே சேர்ந்து கத்துகிறார்கள்.

மாமியார் மனம் பொறுக்காமல் எழுந்து அடுப்படிக்குப் போகிற சத்தம் கேட்கிறது. போகட்டும். மீன் சட்டி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.