கையில் இருபது புள்ளி, வாயில் டபுள்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருடைய முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன வாரம் பிரிட்ஜ் சீட்டாட்டக் கிளப்பில் எங்களுக்குள் பெரிய சண்டை. எதிராளி டைமண்ட் கேட்டு ஆரம்பித்தார். என் கையில் இருபது புள்ளி, அத்தனை பெரிய சீட்டுகள், ஸ்பேட் மட்டும் ஆறு. நான் வழக்கம்போல் "ஒரு ஸ்பேட்" என்றேன். அப்படிச் சொன்னால் சுமாரான கை என்றுதான் ஜோடிக்குப் படும், அப்பா பாஸ் சொல்லிவிட்டார். பத்துப் பிடி எடுத்தோம், ஆனால் ஒரு ஸ்பேட் என்றால் கேட்டது ஏழு பிடிதான், பத்து கேட்டிருந்தால் வரும் போனஸ் போயே போயிற்று. பலமான கையென்றால் முதலில் டபுள் சொல்லி ஜோடியை ஏதாவது கேட்க வைக்க வேண்டும், அடுத்த சுற்றில்தான் ஸ்பேட் என்று எனக்குத் தெரியாதா என்ன. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் டபுள் சொன்னேன். எதிராளி தோற்பார், இரட்டிப்பு அபராதம் வாங்கலாம் என்கிறேன் என்று நினைத்து இவர் பாஸ் சொல்ல, எதிராளி ஜெயித்து என் மானம் போயிற்று. அன்றைக்கு விட்டதுதான் டபுளை. காரணத்தை வாய்விட்டுச் சொல்ல ரோஷம் விடவில்லை. இவரோ, அங்கே ஆட வரும் நம் பல் டாக்டர் உட்பட எல்லார் முன்னாலும், "ஞாயித்துக்கிழமை போட்டியிலயும் இப்படியே ஆடினா, இனிமே பல் டாக்டர்தான் என் ஜோடி" என்று சொல்லிவிட்டார். இருபத்தாறு வருஷமாக எதிரெதிரே உட்கார்ந்து ஆடுகிறோம் கண்ணு, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நேற்றுப் போட்டியின் கடைசி ஆட்டம், கிட்டத்தட்ட அதே கை வந்தது. எதிராளி மறுபடி டைமண்ட். கண்ணை மூடிக்கொண்டு "டபுள்" என்றேன். அப்பா மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். அவரிடம் ஒரே ஒரு ராஜாதான் இருந்தது என்று பிறகு தெரிந்தது. பாஸ் சொல்லப் போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். "ஒரு ஹார்ட்" என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. நான் ஸ்பேட் சொன்னேன், அவர் ஒரு படி ஏற்றினார், நான் நாலு ஸ்பேட், அதாவது பத்துப் பிடி வரை போய்விட்டேன். பத்துப் பிடியும் விழுந்தது. மூன்றாம் இடம்தான், ஆனாலும் தலைகால் புரியவில்லை.

பல் டாக்டர் சிரித்துக்கொண்டே வந்து, அடுத்த வாரம் சேர்ந்து ஆடலாமா என்று கேட்டார். அப்பா, "மன்னிச்சுக்குங்க டாக்டர். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இவ டபுள் சொன்னப்ப நான் பாஸ் சொல்லிட்டேன். தப்பு என்னுது" என்றார். மறந்துவிட்டார் என்றே இருந்தேன். அன்றைக்கு என் கையில் இருந்த சீட்டுகளை ஒன்றுவிடாமல் சொன்னார்.

நீ நோய்நொடி இல்லாமல், மனசு நிறைந்து இருக்க வேண்டும். அந்தக் கடைவாய்ப் பல்லை உடனே காட்டு, நம் டாக்டரிடம் இப்போதைக்கு யோசனை கேட்க முடியாது.

இப்படிக்கு,
உன் அப்பாவின் ஜோடி,
அம்மா