பெரிய சாப் லீவு கேட்ட கதை

ஹேடோ, போர்ட் பிளேர்
12-10-1973

அன்பு மகள் சந்திரமதிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, ஆறு கோழிகள் எல்லோரும் சௌக்கியம். அங்கே நீ, மாப்பிள்ளை, பேரப்பிள்ளை மூவரும் நோய்நொடி இல்லாமல் இருப்பதாக உன் கையால் எழுதி நான் பார்க்க வேண்டும். நீ அனுப்பிய போட்டோ போன கப்பலில் வந்து சேர்ந்தது. பையனுக்குக் காது என்னைப்போல் என்று நான் சொன்னேன், அப்படியானால் குத்துவதற்கு நிறைய இடம் இருக்கிறது என்று உன் அம்மா சொல்கிறாள். மழை இன்னும் விடவில்லை, குவார்ட்டர்ஸ் கூரை வழக்கமான இடத்தில் ஒழுகுகிறது, அம்மாவின் முழங்கால்வலி நீ அனுப்பும் தைலத்துக்குத்தான் கேட்கிறது. இதெல்லாம் இருக்கட்டும், பெரிய சேதி என்னவென்றால் ஐம்பத்திரண்டு வயதில் உன் அப்பா காலேஜ் படித்துவிட்டேன். பத்து நாள் காலேஜ்தான், ஆனாலும் சர்டிபிகேட் உண்டு.

மெயின்லேண்டில் ஒரு யூனிவர்சிட்டியிலிருந்து நிர்வாகப் படிப்புச் சொல்லிக்கொடுக்கும் புரொபசர் வருகிறார், அதிகாரிகளுக்குப் பத்து நாள் பயிற்சி, பதினைந்து பேர் வேண்டும் என்று ஆர்டர் வந்தது. இந்தத் துறைமுகத்தில் தேடிப்பார்த்தால் அதிகாரி பதினான்கு பேர்தான் தேறினார்கள். எண்ணிக்கையை நிரப்ப ஷெட் இன்சார்ஜான என் பெயரையும் போட்டுவிட்டார்கள். எனக்கு இங்கிலீஷ் படிக்க வரும், பேச வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். அம்மா உன் கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவைத் துடைத்துக் கொடுத்து, புரியாவிட்டால் தலையை மட்டும் ஆட்டுங்கள், எதிலேயும் வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினாள். அதைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை.

புரொபசர் பெயர் பக்தவத்சலம், நம் ஊர்க்காரர், தங்கமான மனுஷர். நாலு நாள் கப்பலில் வாந்தி எடுத்து வந்ததில், தரைக்கு வந்தும் அவருக்கு ஆட்டம் நிற்கவில்லை. கப்பல் கட்டும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டி பக்கத்துத் தகரக்கொட்டகையில் வகுப்பு. மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு ஸ்தாபனத்துக்கு ஸ்திரத்தன்மைதான் முக்கியம் என்று முதல் பாடம் நடத்தினார். மழை தகரத்தில் அடித்த அடியில் மீதி எதுவும் காதில் விழவில்லை. பதினைந்து பேரும் தலையாட்டினோம். மூன்று நாள் இப்படியே நல்லபடியாகப் போயிற்று.

நாலாம் நாள் மழை விட்டது, வினை வந்தது. ஆள் மாற்றி நடிக்க வேண்டுமாம், ரோல் பிளே என்று அதற்குப் பெயர். அதிகாரி தொழிலாளியாகவும் கீழே உள்ளவன் அதிகாரியாகவும் பேசினால் ஒருவர் மனசு ஒருவருக்குப் புரியுமாம். ஷெட்டில் பெரிய சாப் என்று எல்லோரும் கூப்பிடும் என் ஆபீசர் கிருஷ்ணமூர்த்தி சாரைப் புரொபசர் எழுப்பித் தொழிலாளி ஆக்கினார், என்னை அழைத்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார். இந்தக் கிருஷ்ணமூர்த்தி சாரிடம்தான் உன் பையனைப் பார்க்க வர மூன்று தடவை லீவு கேட்டேன். மூன்று தடவையும் கப்பல் வருகிறது என்று சொல்லி மனுவைத் திருப்பினார்.

அவர் கண்ணாடியைக் கழற்றி, யாரோ கொடுத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “சாப், பேரனுக்குக் காது குத்தறாங்க. ஒரு மாசம் லீவு வேணும்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் மனுவை அவர் படிக்கவே இல்லை என்றல்லவா நினைத்திருந்தேன்! ஆனால் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. “கப்பல் வருதுப்பா, அப்புறம் பார்க்கலாம்” என்றுவிட்டேன். கொட்டகையே சிரித்தது. அவர் விடவில்லை. “எப்ப சாப் கப்பல் வராம இருந்திருக்கு? கப்பல் வரத்தானே ஹார்பர் கட்டியிருக்கு?” என்றார். “உனக்கு மட்டும்தான் பேரனா? எல்லாரும் பேரனைப் பார்க்கப் போனா மூட்டையை யார் இறக்கறது?” என்றேன். சந்திரமதி, அந்த நாற்காலியில் என்னவோ இருக்கிறது. உட்கார்ந்தால் இரக்கமே வரமாட்டேன் என்கிறது. அவர் கெஞ்சக் கெஞ்ச எனக்கு முதுகு நிமிர்ந்துகொண்டே போயிற்று. கடைசியில் அவர் மேஜையைத் தட்டி, “நான் பிச்சையா கேக்கறேன்? எனக்குள்ள லீவைத்தானே கேக்கறேன்!” என்று கத்தினார். அது நடிப்பில்லை. யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தவர் அன்று முழுதும் என் பக்கம் திரும்பவே இல்லை.

தெற்குக் கோடித் தீவில் கிடக்கும் கேம்ப்பெல் பேவுக்கு மாற்றல் நிச்சயம் என்று அம்மா பெட்டியைக் கீழே இறக்கிவைத்துவிட்டாள். ஆனால் ஷெட்டில் எனக்கு ஒரே மரியாதை. பெரிய சாபை அச்சு அசலாகப் பேசிக்காட்டினீர்களாமே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மூட்டை தூக்கும் வின்ச் ஓட்டும் பழனிசாமி மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே, “அது பெரிய சாப் பேச்சு இல்லையே சாப். நீங்க எங்கிட்டப் பேசறதுதானே” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பெண்டாட்டி பிள்ளைகள் பரமக்குடியில், ஊருக்குப் போய் மூன்று வருஷம். என் மேஜை டிராயரைத் திறந்து பார்த்தேன், அவர் லீவு மனு நாலு கிடந்தது. ஒன்றின்மேல் நான் டம்ளர் வைத்த வட்டம்கூட இருந்தது.

சர்டிபிகேட் வாங்கிய அன்று கிருஷ்ணமூர்த்தி சார் கூப்பிட்டனுப்பினார். மாற்றல் ஆர்டர்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “அந்தப் பக்கம் நின்னு கேட்டாத்தான் தெரியுது, எவ்வளவு கூச்சமா இருக்குன்னு. உங்க ஷெட்டுல இந்தக் கப்பலுக்கு ஒருத்தர் போகலாம். யாருன்னு ஆளுங்களோட உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுங்க, புரொபசர் சொன்ன மாதிரி” என்றார். நானே போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். டிராயர் ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன்.

ஷெட்டில் எட்டுப் பேரும் மூட்டைமேல் உட்கார்ந்து சீட்டு எழுதிப் போட்டோம். பெங்காலியில், தெலுங்கில், இந்தியில் என்று ஆளுக்கொரு எழுத்து. தமிழ்ச் சீட்டு இரண்டே இரண்டுதான். ஒன்றில் பழனிசாமி என்று இருந்தது, நான் எழுதியது. இன்னொன்றில் ‘திருநாகரசு சாப்’ என்று இருந்தது. எனக்கு விழுந்த ஒரே ஓட்டு அதுதான், மற்றதெல்லாம் பழனிசாமிக்கு. என் பெயரைக்கூடச் சரியாக எழுதத் தெரியாத அந்த மனுஷர், மூன்று வருஷம் காத்திருந்துவிட்டு எனக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார். இப்படியெல்லாம் நடக்கும் என்று புரொபசர் சொல்லித்தரவில்லை.

ஆகவே இந்தக் கப்பலில் நான் வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. பழனிசாமி திரும்பியதும் என் முறை என்று சார் எழுத்திலேயே கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லிக் கார்த்திகையில் வைத்த காதுகுத்தைத் தைக்கு மாற்று. உன் மாமியார் முகம் சுளித்தால் துறைமுகத்து ஓட்டெடுப்பு முடிவு என்று சொல். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், ராத்திரி ஈரத்தலையோடு படுக்காதே, பையனுக்குப் பவுடர் பாலை நம்பாதே.

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு எதிரே நிற்கிறாரே, அவர்தான் பழனிசாமி. திருச்சியில் இறங்கி, உன்னிடம் இதைச் சேர்த்துவிட்டுத்தான் பரமக்குடி ரயில் ஏறுவேன் என்று பிடிவாதம். கூச்சப்படுவார், நிற்கவைத்தே அனுப்பிவிடாதே. உட்காரவைத்துச் சாப்பாடு போடு. பிறகு பையனை அவர் மடியில் கொடு. எனக்கு முன்னால் அவர் தூக்குகிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், அதை அவரிடம் சொல்லாதே.

மூவரும் நூறாண்டு நிறைவாக வாழ அம்மாவும் நானும் மனசார ஆசீர்வதிக்கிறோம். தைலத்தை மறக்காதே, இரண்டு புட்டியாகப் பழனிசாமி திரும்பும்போது கொடுத்தனுப்பு.

உன் அன்பு அப்பா,
மு. திருநாவுக்கரசு
(நிர்வாகப் பயிற்சி பெற்றவர். இதைப் போடச்சொன்னது உன் அம்மா.)