பாத்தியில தண்ணி விட்டியா?

அக்கா,

செல்போனில் சார்ஜர் குத்துகிற ஓட்டை மறுபடி பச்சை பூத்துவிட்டது. உப்பளத்துக் காற்று இரும்பையே தின்னும், இந்தப் பட்டன் போன் எம்மாத்திரம்? இன்று காலை அதை ஊக்கால் சுரண்டிக்கொண்டிருந்தபோது உங்கள் குரல் ஞாபகம் வந்தது. "கவர்ல சுத்தி மடியில வெச்சுக்கம்மா. நம்ம ரெண்டு பேருக்கும் அது ஒண்ணுதான் வழி" என்பீர்கள். குரல் என்றுதான் எழுத முடிகிறது. மரக்காணத்திலிருந்து உங்கள் ஊர் ஒரு பஸ் தூரம்தான். கடைசிவரை உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை.

முதல் தடவை நீங்கள் கூப்பிட்டபோது வள்ளென்று விழுந்தேன். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், உப்பு வாரிப் பிழைக்கிறேன், சாயங்காலமானால் பாண்டிச் சரக்கு வேண்டும். இதில் போனில் வந்து புத்தி சொல்ல நீங்கள் யார்? நம்பரைக் கொடுத்தது நான்தான். மாத்திரை தருகிற பெரிய ஆஸ்பத்திரியில் குடியைக் குறைக்க போனில் பேசுவார்கள் என்றார்கள். சரி என்று தலையாட்டினால் சீக்கிரம் விடுவார்களே என்று ஆட்டிவிட்டேன்.

"பொம்பள குடிக்கலாமான்னு கேக்கப் போறீங்க, அதானே?" என்றேன்.

"நான் ஏம்மா கேக்கறேன்? எனக்கும் இதே நோவுதான். நானும் குடிச்சவதான். எப்போ குடிக்கத் தோணுதுன்னு மட்டும் சொல்லு."

அதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. கால் வெடிப்பில் உப்பு ஏறி எரிகிற சாயங்காலத்தில் என்றேன். அப்படியானால் அந்த நேரத்துக்கே கூப்பிடுகிறேன் என்றீர்கள். சொன்னபடி கூப்பிடவும் செய்தீர்கள்.

அந்த நேரத்தில் என்னைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள். அதனால் நானே ஒரு ஜாடைப் பேச்சைக் கட்டினேன். என் வயிறுதான் உப்பு விளைகிற பாத்தி. சரக்குக்குத் தண்ணி என்று ஊரே பெயர் வைத்திருக்கிறது, அதற்கு நான் மெனக்கெட வேண்டியதில்லை. "பாத்தியில தண்ணி விட்டியா?" என்று கேட்பீர்கள். "இன்னிக்கு விடலக்கா, காய வெச்சிருக்கேன்" என்பேன். ஒருநாள் மேஸ்திரி இதைக் காதில் வாங்கிக்கொண்டு வரப்பில் தலைதெறிக்க ஓடி வந்தார். "ஏம்மா, யாரைக் கேட்டு பாத்தியைக் காய வெச்சே? முதலாளி என்னைத்தான் தொங்க விடுவாரு!" நீங்கள் அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பில் எனக்கும் அடக்க முடியவில்லை. அன்றைக்குக் குடிக்கிற நினைப்பே வரவில்லை.

ஆனால் குடித்த நாளில் நான் மாத்திரை போடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியாது. சரக்கும் மாத்திரையும் வயிற்றில் சேர்ந்தால் விஷம் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு. அதோடு, குடித்த வாயில் மருந்தைப் போடுவது எனக்கு மீன் கவிச்சியோடு கோயிலுக்குப் போவது மாதிரி. கிருமி ஏறியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்த பிறகுதான் சொன்னேன். நீங்கள் என்னிடம் கத்தியது அந்த ஒரு தடவைதான்.

"குடிச்சதுக்குத் தண்டனையா மாத்திரையை நிறுத்துவே? அது உனக்குத் தண்டனை, கிருமிக்கு விருந்து! குடிச்சாலும் போடு. குடிச்சேன்னு என்கிட்ட மறைக்காம சொல்லு."

டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். பிறகு ஒரு நாளும் மாத்திரையை விட்டதில்லை. தினமும் குடித்தவள் எப்போதாவது என்று வந்து நின்றேன். ரிப்போர்ட்டில் கிருமி தெரியாத அளவுக்கு இறங்கியது. இது போதவில்லை அனுமந்தையிலிருந்து வந்த என் நாத்தனாருக்கு. "ஒரேயடியா விட்டுட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணு, அப்பதான் நம்புவேன்" என்றாள். "பொய் சத்தியம் பண்ணி சாமியையும் ஏமாத்தணுமா? குறைச்சிருக்கேன். உயிரோட இருக்கேன். பத்தாதா?" என்றேன். இவர்களுக்கு நான் ஒன்று உத்தமியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிணமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நான் ஆள் இல்லை.

போன மாதம் நீங்கள் கூப்பிடுகிற அதே நேரத்தில் வேறொரு குரல் வந்தது. சின்னப் பெண். உங்கள் வேலைக்கு ஆஸ்பத்திரியில் புதிதாகப் போட்டவளாம். நீங்கள் நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள் என்றாள். நான் அழுததைப் பார்த்து நாத்தனார் விசாரித்தாள். சொன்னேன். "பாத்தியா, உனக்குப் புத்தி சொன்னவளே போயிட்டா. மாத்திரை என்னத்தக் கிழிச்சுது?"

"நெஞ்சுவலி யாருக்கும் வரும். நாளைக்கு உனக்கும் வரும், போடி!" என்று விரட்டிவிட்டேன். உங்கள் சாவை வைத்து என்னைப் பயமுறுத்த ஒருத்திக்கும் உரிமை கிடையாது.

அன்றைக்குக் குடித்தேன் அக்கா. துக்கம் தாங்கவில்லை, குடித்தேன். மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்தபோது பழைய பேச்சு திரும்ப வந்தது. வாய் நாறுகிறதே, இந்த ஒரு நாள் விட்டால் என்ன, நாளைக்குச் சுத்தமாகப் போட்டுக்கொள்ளலாமே என்று மனசு இழுத்தது. நீங்கள் இல்லை, இனிமேல் யார் கேட்கப் போகிறார்கள் என்றும் தோன்றியது. யாரும் கேட்கத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன். நாறுகிற அதே வாயில் மாத்திரையைப் போட்டு விழுங்கினேன்.

மறுநாள் அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். பாவம், ஜாடை எதுவும் அவளுக்குத் தெரியாது. "நேத்து குடிச்சீங்களாம்மா?" என்று நேராகக் கேட்டாள். பக்கத்தில் ஆட்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். காது இருக்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"குடிச்சேன். மாத்திரையும் போட்டேன்."