எந்த பிளெண்டர் வாங்கட்டும்?

ஊட்டி
9.7.2000

அன்புள்ள மாமாவுக்கு,

வேலாமணி எழுதுகிறேன். மழை எப்படிங்க? கடைக்கு ஆள் வருகிறதா? இங்கே ஹாஸ்டல் சமையலறையில், கொதிக்கிற சூப்பை மிக்ஸியில் ஊற்றி அரைக்கும்போது மூடி தெறித்து, என்னோடு சமைக்கிற ஜெஸிந்தாவின் கை வெந்துவிட்டது. "அக்கா, இனி அது பக்கமே போகமாட்டேன்" என்கிறாள். அண்டாவுக்குள்ளேயே விட்டு அரைக்கிற ஹேண்ட் பிளெண்டர் வாங்க வார்டனம்மா சம்மதித்துவிட்டார். வீட்டுக்கு வாங்குகிற சின்னதா, ஹோட்டல்காரர்கள் வாங்குகிற பெரியதா? பாத்திரக் கடைக்காரர் பெண்டாட்டியாச்சே என்று என்னையே கேட்கிறார்கள். நீங்க சொல்லுங்க.

உங்கள்
வேலாமணி

தேவாலா
14.7.2000

அன்புள்ள வேலாமணிக்கு,

மழை விடவில்லை. எஸ்டேட் ஃபேக்டரி பூட்டியே கிடக்கிறது. தேயிலை விலை ஏறினால்தான் திறப்பார்களாம். ஃபேக்டரி வேலை போன வீரையா கடை வாசலில் நின்று, "என்னா மொதலாளி, குக்கரைத் தெனம் தொடைக்கிறீங்க, பொண்ணு பாக்க வாராங்களா?" என்கிறான். சிரிக்க ஆள் உண்டு, வாங்கத்தான் இல்லை.

சின்னதற்கு, அண்டாவுக்குள் இறங்குகிற கால் பிளாஸ்டிக்; கொதியில் இளகும். ஒரு நிமிஷம் ஓட்டினாலே மோட்டார் சூடாகும். பெரியதற்கு எஃகுக் கால், வருஷக்கணக்கில் உழைக்கும். அண்டா எவ்வளவு ஆழம்? நீ அங்கே இன்னும் எத்தனை நாள்? விலை ஏறும்வரை என்றுதானே போனாய். தைக்குள் வந்துவிடுவாய் என்றால் சின்னதே போதும், ஆறவைத்து ஆறவைத்து ஓட்டிக்கொள்.

வெள்ளியங்கிரி

ஊட்டி
20.7.2000

மாமாவுக்கு,

அண்டா என் முழங்கை மூழ்கும் ஆழம். இன்னொரு கேள்விக்கு எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை. வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஹாஸ்டலுக்குப் பின்னாலேயே குடியிருக்க ஊடும் தருகிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீங்க. ஹாஸ்டல் சாமான் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமாம், உங்களைச் சொல்லி வைத்திருக்கிறேன். கடையைப் பூட்டிவிட்டு வந்துவிடுங்க மாமா. யாருமே வாங்காத குக்கருக்குக் காவல் எதற்கு? வருவீங்களா மாட்டீங்களா, அதை மட்டும் எழுதுங்க.

வேலாமணி

தேவாலா
2.8.2000

வேலாமணிக்கு,

பெரியதையே வாங்கு. சின்னது போதும் என்று எழுதினேனே, அது கடைக்காரன் பேச்சல்ல, நீ தைக்குள் வந்துவிட வேண்டுமென்ற ஆசை. தெரிந்தே மட்டமான சாமானை யார் தலையிலும் கட்டினதில்லை; உன்னிடம் போய் அப்படி எழுதிவிட்டேன்.

பிளெண்டரின் கால், அண்டாவின் ஆழத்தைவிட நீளமாக இருக்கட்டும், மோட்டாரில் ஆவி ஏறக்கூடாது. பிளேடு இருக்கிற தலையைச் சூப்புக்குள் முக்கிய பிறகே சுவிட்சைப் போடு. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழுவு, ஜெஸிந்தாவுக்கும் சொல்லிக்கொடு.

உன்மேல் கோபமில்லை. நீ இங்கே திரும்பி வந்து என்னோடு சேர்ந்து மூழ்கவும் வேண்டாம். ஆனால் இத்தனை வருஷம் நானே திறந்து நானே பூட்டின கை, இன்னொருத்தரிடம் போய்ச் சாவி கேட்டு நிற்காது.

ஸ்டோருக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடு.

வெள்ளியங்கிரி