கேபிள் சுட்டது

டூவூம்பா, செவ்வாய்

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

வெள்ளிக்கிழமை பட்டறையில் நான் சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: கேபிள் சுட்டது.

எங்கள் வாடிக்கையாளர் ஜோலீனின், பின்பக்கம் சரக்குத் தட்டு உள்ள பழைய யூட் வண்டியில் மின்சார சூப்பர்சார்ஜரை நான்தான் பொருத்தினேன். தனி பேட்டரியில் ஓடி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி அது. நான் தனியாகச் செய்த முதல் வேலை. சக்தியை அளக்கும் உருளைகள்மேல் நிறுத்திச் சோதித்தபோது வண்டியின் சக்தி எகிறியது.

"அடேயப்பா! நியூசிலாந்துக்காரங்களுக்கு ஆடு மேய்க்கத்தான் தெரியும்னு நினைச்சேன்," என்றார் முதலாளி க்ளைவ். எல்லாரும் சிரித்தார்கள். பேட்டரி கேபிளைத் தொட்டுப் பார்த்த என் விரல் கொப்பளித்திருந்தது. நான் போட்ட கேபிள் மெலிது; அவ்வளவு மின்சாரத்தைத் தாங்காது. கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நானும் சிரித்தேன்.

சனிக்கிழமை முழுவதும் புத்தகத்தில் கேபிள் கனம் பற்றிய ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஞாயிறு, ஜோலீன் ஓட்டவிருந்த மலைச்சாலை வண்டிப் பந்தயம் தொடங்கும் இடத்துக்கே போய் அவளிடம் சொன்னேன்.

"தீப்பிடிக்குமா?"

"பிடிக்கலாம்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னடி?"

விசிறியின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினாள். கடைசியாக வந்தாள்.

விரல் ஆறிவிட்டது. என் பழைய தோல் கையுறையை அனுப்புங்கள்; இங்கே எல்லாம் ஆண்கள் அளவு. முகவரியை உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

க்ளைவ் கூப்பிடுகிறார்.

நைரி

ஜோலீன் நேற்று வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டாள்.