உங்கள் விரலில் இருந்த மை

அண்ணா,

காலையில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். விரலில் வைத்த மை வெயில் பட்டுக் கறுத்துவருகிறது. அதைப் பார்த்தால் இன்றும் எனக்குத் திக்கென்கிறது. எல்லாம் உங்களால்தான்.

பள்ளிபாளையத்தில் ஒரே தறிப்பட்டறை, ஒரே செங்கொடி. ஆனாலும் நமக்குள் ஓயாத சண்டை. தொழிலாளர் கமிட்டிகள்தான் நாளைக்கு நாட்டையே ஆள வேண்டும், சட்டசபை வெறும் அரட்டைமடம் என்பீர்கள்.

"நம்ம கமிட்டி ஆளு சரியில்லீன்னா டீ நேரத்துலயே மாத்திப்போடறோம். அங்க அனுப்பிச்ச ஆளை அஞ்சு வருசத்துக்கு என்ன பண்ணுவ அம்மிணி?"

"நாம போராடி வாங்குன ஒப்பந்தத்தைச் செல்லாக்காசாக்குற சட்டத்தை அங்கதானுங்கண்ணா போடறாங்க? தடுக்க நம்மாளு ஒருத்தர் வேண்டாமுங்களா?" என்பேன் நான்.

பட்டறை வாசல் கூட்டத்தில் நீங்கள் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. முடிவெல்லாம் கைதூக்கித்தான். முன்பு சொன்னதிலிருந்து மனம் மாறியவர் எல்லோர் முன்பும் வந்து காரணம் சொல்ல வேண்டும். நழுவினால் விடவே மாட்டீர்கள்.

போன தேர்தலில் கட்சி என்னை வேட்பாளராக நிறுத்தியது. அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். பிரச்சார வண்டி பட்டறையைக் கடந்தபோது முதுகைக் காட்டி நின்றீர்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. வாக்குப்பதிவுக்கு மறுநாள், தறியடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள்.

சாவுச் செய்தி கேட்டுப் பூமாலையோடு ஓடிவந்தேன். உங்கள் கைகளை எடுத்து மார்பின்மேல் வைத்துக்கொண்டிருந்தார்கள். இடது ஆள்காட்டி விரலில் புத்தம்புது மை. அழ வந்தவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்நாளில் வாக்குச்சாவடி வாசலை மிதிக்காத மனிதரா இது?

அண்ணி என் காதோரம் சொன்னார்: "மொத ஆளாப் போயி நின்னாரு சாமி. 'அம்மிணிகிட்டச் சொல்லிப்போடாதே'ன்னாரு."

நான் தோற்றுப்போனேன், அண்ணா. அதுகூட எனக்கு உறைக்கவில்லை. உங்கள் எண்ணம் மாறிவிட்டதா, இல்லை எண்ணம் மாறாமலே எனக்காகப் போனீர்களா? ஊரையெல்லாம் காரணம் கேட்ட நீங்கள் இப்படிச் செய்யலாமா?

உங்களுக்குப் பிறகு வாசல் கூட்டத்தை நான்தான் நடத்துகிறேன். சட்டசபைக்கு ஆள் அனுப்பவும் வேண்டும், இந்தக் கூட்டமும் நடக்க வேண்டும் என்கிறேன். மனம் மாறியவர்கள் இப்போதும் முன்னால் வந்துதான் பேசுகிறார்கள். எல்லோரும் பேசி முடித்த பிறகு, "இன்னும் யாராச்சும் காரணம் சொல்லோணுமுங்களா?" என்று கேட்டுவிட்டு உங்கள் தறிப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

"டீ ஆறிப்போகுதுங்கக்கா, யாருக்காகக் காத்திருக்கறீங்க?" என்று சத்தம் போடுகிறார்கள்.