சைக்கிளில் போன பெட்டரி

2022 ஜூன் 19, ஞாயிறு

மின்ஹாவின் கால் தடுக்கி என் வீட்டுக்காரருடைய ஒட்சிசன் மெஷினின் வயர் பிளக்கோடு கழன்று வந்துவிட்டது. அரை நிமிசம்தான். இவர் கையைத் தூக்கி ஒன்றுமில்லை என்று காட்டினார்.

பேத்தியில் தப்பில்லை. வெளிநாட்டுக் கம்பனி வேலையை வீட்டில் இருந்தே செய்கிறாள். ஹோலில் ஒழுங்கான பிளக் ஒன்றுதான். அவளுடைய கம்பியூட்டர், இன்டர்நெட் பெட்டி, போன், இவருடைய மெஷின், எல்லாவற்றின் வயரும் அந்த ஒரு மேசைக்குக் கீழே சிக்குப்பட்டுக் கிடந்தன.

அசர் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன். பழைய திரைச்சீலை வளையங்களை மேசையின் அடிப்பலகையில் வரிசையாக அடித்து, வயர்களை அதற்குள்ளால் கோத்தேன். இவருடைய வயரில் மட்டும் வெள்ளைத் துணி முடிச்சு. வெள்ளையை யாரும் தொடக் கூடாது. மின்ஹா குனிந்து பார்த்து, கம்பனியில்கூட இவ்வளவு வடிவாகக் கட்டி இருக்காது என்றாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் செய்த வேலை. எழுதி வைக்கிறேன்.

ஜூன் 26, ஞாயிறு

கரண்ட் வெட்டு நாளுக்கு மூன்று மணித்தியாலம். கட்டாரில் இருந்து மகன் சொல்லி எடுத்துத் தந்த பெரிய பெட்டரி இருப்பதால்தான் இவர் மூச்சு விடுகிறார். அதை வீட்டில் சார்ஜ் பண்ணும் பெட்டி பழுது. கட்டுகஸ்தோட்டைக் கடைக்குத்தான் கொண்டு போக வேண்டும். பெற்றோல் இல்லை, ஓட்டோ இல்லை. பெட்டரியோ ஒரு ஆட்டுக்குட்டிக் கனம்.

மகனுடைய பழைய சைக்கிளை வெளியே எடுத்தோம். கரியரின் மேல் பலகையை வைத்து முறுக்கி, அதன்மேல் சோடாப் பெட்டி ஒன்றை இறுக்கினேன். டயர் டியூபைக் கீற்றாக வெட்டி, பெட்டரியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். இறக்கத்தில் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க ஒரு கயிறும். மின்ஹா ஏறி ஓடவில்லை, தள்ளிக்கொண்டுதான் போனாள். சந்தியில் நின்றவன் ஒருவன், பாண் விற்கிற ரொட்டிப் பெட்டி என்று நினைத்து, "தங்கச்சி, பாண் ஈக்கா?" என்று கேட்டானாம். "ஈக்கி, கடிச்சா ஷொக் அடிக்கும்" என்றாளாம். இவர் சிரித்தார், பிறகு நெடுநேரம் இருமினார்.

ஜூலை 3, ஞாயிறு

பக்கத்து வீட்டு ரபீகா டீச்சர் மின்ஹாவைக் கூப்பிட்டுச் சொன்னாவாம், அவவுடைய வீட்டில் சோலார் கரண்ட் எந்த நேரமும் இருக்கிறது, மதிலுக்கு மேலால் ஒரு வயர் போட்டால் முடிந்தது என்று.

வேண்டாம் என்றேன்.

பதினைந்து வருசத்துக்கு முதல், பள்ளிவாசல் பெண்கள் கூட்டத்தில், அத்தனை பேருக்கும் முன்னால் என் கையில் இருந்த பேனையை வாங்கி, "தாங்க, ஒங்கட பேர நான் எழுதுறேன்" என்றவ அவ. எனக்கு எழுதத் தெரியும். அன்றிலிருந்து பேச்சில்லை. இவர் என்னைப் பார்த்தார்.

ஜூலை 10

ஹஜ்ஜுப் பெருநாள். இவர் படுத்தபடியே தொழுதார். டீச்சர் வீட்டில் இருந்து வட்டிலப்பம் வந்தது. தட்டைக் கழுவித் திருப்பி அனுப்பினேன் — வெறும் தட்டாக.

ஜூலை 13, புதன்

என்னுடைய பிழை. நிற்க வைத்துக் கட்டினால் பெட்டரி ஆடுகிறது என்று, அரிசி மூட்டை மாதிரி இன்று படுக்கப் போட்டுக் கட்டினேன். அதற்குள் அசிட் இருக்கும், படுக்க வைத்தால் ஒழுகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? பாலத்தடியில் மின்ஹாவின் அபாயா விளிம்பு பொத்தல் பொத்தலாகப் போய்விட்டது. அல்லாஹ் காப்பாற்றினான், காலில் படவில்லை. எந்த மடையன் இதைப் படுக்க வைத்தது என்று கடைக்காரர் ஏசினாராம். தான்தான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இனி இது பாதி நேரமும் தாங்காதாம்.

மூத்தும்மாதான் செய்தது என்று சொல்லி இருக்கலாமே, பிள்ளை.

ஜூலை 15, வெள்ளி

பின்னேரம் இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. மூன்று மணிக்கு மெஷின் கூவத் தொடங்கி நின்றது. இவருடைய உதடு நீலம். மின்ஹா வாசலில் நின்று, டீச்சர் வீட்டுப் பக்கம் கையைக் காட்டி, "போகவா மூத்தும்மா?" என்றாள். நான் விசிறிக்கொண்டே இருந்தேன். மறுபடியும் கேட்டாள். இன்றைக்கு நேரத்தோடு வரும், இப்ப வரும் என்று சொல்லிக்கொண்டு இருந்தேன். யாருக்குச் சொன்னேன்?

இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "றலியா... கேளு புள்ள."

போ என்றேன்.

டீச்சரே வந்தா. செருப்பில்லாமல், மதிலுக்கு மேலால் வயரை எறிந்துவிட்டு, பிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றா. ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லி இருந்தால் தாங்கி இருப்பேன்.

ஜூலை 16

மணிக்கூட்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். மெஷின் நின்றதில் இருந்து நான் போ என்றது வரைக்கும் பத்து நிமிசம்.

ஜூலை 29, வெள்ளி

காலை எட்டரை மணிக்கு இவர் மூச்சடங்கி மௌத்தானார். கரண்ட் இருந்தது. மெஷினும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நெஞ்சில் சளி கட்டி இரண்டு கிழமை இருக்கும் என்றார் டொக்டர். பதினைந்தாம் திகதியில் இருந்தா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

ஒக்டோபர் 8, சனி

இவருக்காகத் துக்கம் இருக்கும் இத்தாவில் எழுபத்திரண்டாவது நாள். வெள்ளை உடுத்து உள்ளுக்குள்ளேயே இருக்கிறேன். வாசல் படியும் தாண்டுவதில்லை.

கடுகண்ணாவையில் இருக்கும், முனிசிபலில் வேலை செய்து ஓய்ந்த தனபாலன் என்பவருக்கு மெஷின் தேவையாம். டீச்சர்தான் விசாரித்துச் சொன்னா. அவருடைய மனைவி அன்னலட்சுமி பஸ்ஸில் வந்தா. இங்கிருந்து கட்டுகஸ்தோட்டை வரைக்கும் சைக்கிள், அங்கிருந்து லொறி ஒன்று சொல்லி வைத்திருக்கிறது. நான் வெளியே போகக் கூடாது என்பதால் மின்ஹா சைக்கிளை ஹோலுக்குள் கொண்டு வந்தாள். பாயை விரித்து அதன்மேல் நிறுத்தி, மெஷினையும் பெட்டரியையும் நானே கட்டினேன்.

அன்னலட்சுமிக்கு எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தேன். எந்த வயர் எங்கே, தண்ணீர் எவ்வளவு, பெட்டரியை ஏன் படுக்கப் போடக் கூடாது. அவ தலையாட்டிக் கேட்டா. எனக்கு முடிக்க ஏலவில்லை, இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது.

"பக்கத்து ஊட்டில கரண்ட் ஈந்தா முதல் நாளே போய்க் கேளுங்க" என்றேன்.

அவ சேலைத் தலைப்பைச் சுருட்டினா. "அவுங்களோட பேச்சுவார்த்தை இல்லீங்க. வெக்கமா இருக்குமே."

"ஈக்கும்" என்றேன்.